எண்ணெயைத் துடைக்கும் நீர்

மருந்துக் கடைகளிலும் வாசனைப் பொருள்கள் விற்கும் கடைகளிலும் அண்மைக் காலமாக ஒரு குப்பியைக் காண்கிறோம். உள்ளே இருப்பது பார்வைக்குத் தண்ணீரே. நிறம் இல்லை, பெரும்பாலும் மணமும் இல்லை, குலுக்கினால் சிறிது நுரைக்கிறது. குப்பியின்மேல் 'மைசெல்லார் வாட்டர்' என்று எழுதியிருக்கிறது. முகத்தில் பூசிய பூச்சையும், கண்ணுக்கு இட்ட மையையும், உதட்டுச் சாயத்தையும் இந்நீரில் நனைத்த பஞ்சு துடைத்து எடுத்துவிடும். சோப்பும் வேண்டாம், குழாயடிக்குப் போகவும் வேண்டாம் என்று விற்பவர்கள் கூறுகிறார்கள். அக்கூற்றில் உண்மையும் உண்டு, வாணிகமும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் மிகப் பழைய கேள்வி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். எண்ணெயும் நீரும் ஏன் கலப்பதில்லை?

நீரின் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஓர் ஆக்ஸிஜன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் கூடியது என்பதைக் கீழ் வகுப்புகளிலேயே படித்திருப்பீர்கள். அம்மூன்று அணுக்களும் நேர்கோட்டில் நில்லாமல் ஒரு கோணமாக வளைந்து நிற்கின்றன. அதனால் மூலக்கூற்றின் ஒரு புறத்தில் சிறிதளவு எதிர்மின் தன்மையும், மறுபுறத்தில் சிறிதளவு நேர்மின் தன்மையும் அமைகின்றன. ஒன்றன் நேர்ப்புறம் மற்றொன்றின் எதிர்ப்புறத்தை நாடுகிறது. இவ்வாறு நீரின் மூலக்கூறுகள் யாவும் கைகோத்துக்கொண்டே திரிகின்றன. எண்ணெயின் மூலக்கூறோ, பெரும்பகுதி கரியணுக்களும் ஹைட்ரஜன் அணுக்களும் தொடுத்த நீண்ட சங்கிலிகளால் ஆனது. அச்சங்கிலிகளில் பற்றிக்கொள்ளத்தக்க மின்புறங்கள் இல்லை. ஆகவே நீர் எண்ணெயை வெறுக்கிறது என்று சொல்வது முற்றிலும் சரியன்று. நீர் தன் இனத்தை மிகுதியாக விரும்புகிறது என்பதே பொருத்தம். கல்யாண வீட்டில் உறவினர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு பேசி மகிழும்போது, யாரையும் அறியாத விருந்தினர் சிலர் தாமாகவே ஒரு மூலையில் ஒன்றுசேர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள் அல்லவா? எண்ணெய்த் துளியின் நிலையும் அதுவே.

இவ்விரு கூட்டத்தாருக்கும் பொதுவான ஓர் உறவினர் வந்தால் நிலைமை மாறும். சோப்பின் மூலக்கூறு அத்தகைய உறவினர். அதன் ஒரு முனையில் மின்னேற்றம் உடைய தலை இருக்கிறது. அது நீரை விரும்புவது. மறுமுனையில் கரியணுக்கள் கோத்த நீண்ட வால் இருக்கிறது. அது எண்ணெயோடு இணங்குவது, நீரைவிட்டு ஒதுங்குவது. தலைப்பிரட்டையை ஒத்த உருவம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்று நாம் பழித்துச் சொல்லும் இயல்புதான் இங்கே பெரும் பயன் தருகிறது.

இத்தகைய இருமுனை மூலக்கூறு நீரில் விழுந்தால் முதலில் எங்கே செல்லும்? நீரின் மேற்பரப்புக்குச் செல்லும். அங்கேதான் தலையை நீருக்குள்ளும் வாலைக் காற்றிலும் வைத்துக்கொண்டு நிற்க இயலும். இதனை முதன்முதலில் பெருமளவில் கண்டு வியந்தவர்களுள் ஒருவர் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின். அவர் இலண்டனில் வாழ்ந்த காலத்தில், கிளாப்பம் என்னும் இடத்துக் குளத்தில் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெயை விட்டார். அலைகள் அடங்கின, ஏறத்தாழ அரை ஏக்கர் பரப்பு கண்ணாடி போல் ஆயிற்று என்று 1774-இல் வெளியான தம் கட்டுரையில் எழுதினார். அதன்பின் ஊர்ப்புறம் செல்லும்போதெல்லாம் தம் மூங்கில் கைத்தடியின் மேற்கணுவில் சிறிது எண்ணெய் வைத்திருந்தாராம். சோதனைக்கு எப்போதும் ஆயத்தமாக இருந்த மனிதர்! ஆனால் அவர் செய்யாமல் விட்ட ஒரு கணக்கை நீங்கள் செய்யலாம். ஒரு தேக்கரண்டி எண்ணெய் சுமார் 4 கன சென்டிமீட்டர் என்று கொள்ளுங்கள். அரை ஏக்கர் ஏறத்தாழ 2,000 சதுர மீட்டர். கொள்ளளவைப் பரப்பால் வகுத்தால் படலத்தின் கனம் கிடைக்கும். விடை 2 நானோமீட்டர் வரும். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதாவது ஒரு மூலக்கூறு நீரின்மேல் நின்றால் உள்ள உயரம் எவ்வளவோ, ஏறக்குறைய அதுவே படலத்தின் கனமும். தேக்கரண்டியையும் குளத்தையும் கொண்டு மூலக்கூற்றின் அளவை மதிப்பிட்டுவிடலாம் என்பது வகுப்பறையில் நான் சொல்லச் சொல்ல அலுக்காத செய்தி.

இம்மேற்பரப்பை ஒழுங்காக அளக்கும் முறையைக் கண்டவர் ஒரு பேராசிரியர் அல்லர். ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்த ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்னும் பெண்மணி. அந்நாளில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக் கழகக் கதவு திறக்கப்படவில்லை. வீட்டில் பெற்றோரைப் பேணுவதும் சமையலறை வேலையுமே அவர் கடமையாக இருந்தன. பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெயும் சோப்பும் படரும் விதத்தை அவர் கூர்ந்து கவனித்தார். தகரத் தொட்டி ஒன்றில் விளிம்பு வரை நீரை நிரப்பி, அதன் குறுக்கே ஒரு தகரப் பட்டையை வைத்து நகர்த்தி, மேற்பரப்பைச் சுருக்கியும் விரித்தும், ஒரு சிறு வட்டத் தகட்டை நீரிலிருந்து பிரித்தெடுக்க எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று தராசில் அளந்தார். 1891-இல் தம் முடிவுகளை இங்கிலாந்தில் இருந்த ரேலி பிரபுவுக்கு ஒரு கடிதமாக எழுதினார். ரேலியின் பெருந்தன்மையால் அக்கடிதம் அதே ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. பின்னாளில் இத்துறையில் நோபெல் பரிசு பெற்ற இர்விங் லாங்மியர் பயன்படுத்திய கருவி, அப்பெண்மணியின் சமையலறைத் தொட்டியின் வழித்தோன்றலே. அடுப்பங்கரையில் நிற்பவர்களுக்கு விஞ்ஞானம் எட்டாது என்று கூறுபவர்கள் இன்னமும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இச்செய்தியைச் சொல்லுங்கள்.

மேற்பரப்பு முழுவதும் நிரம்பிவிட்டது. இன்னும் சோப்பைச் சேர்த்துக்கொண்டே போகிறோம். இனி வரும் மூலக்கூறுகளுக்கு எங்கே இடம்? இக்கேள்விக்குத்தான் ஜேம்ஸ் வில்லியம் மெக்பெயின் விடை கண்டார். கனடாவில் பிறந்த இவர், இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக் கழகத்தில் சோப்புக் கரைசல்களை ஆராய்ந்து வந்தார். கரைசலில் ஒரு முரண்பாடு தென்பட்டது. கரைந்த துகள்கள் எத்தனை என்று காட்டும் அளவைகளின்படி பார்த்தால் எண்ணிக்கை மிகக் குறைவு. ஆனால் மின்சாரமோ எதிர்பார்த்ததைவிடத் தாராளமாகப் பாய்கிறது. துகள்கள் குறைவு என்றால் மின்சாரமும் குறைய வேண்டும் அன்றோ? சோப்பு மூலக்கூறுகள் தனித்தனியே திரியாமல், பல ஒன்றுகூடி மின்னேற்றம் உடைய திரள்களாக இயங்கினால் இரண்டும் பொருந்தும் என்று 1913-இல் அவர் கூறினார். தாறுமாறாகத் திரியும் மூலக்கூறுகள் தாமாக ஒழுங்குபடும் என்பதை அன்றைய அறிஞர் பலரால் ஏற்க முடியவில்லை. இலண்டனில் ஓர் அறிஞர் கூட்டத்தில் அவர் இக்கருத்தை எடுத்துரைத்தபோது, தலைமை வகித்தவர் 'அபத்தம், மெக்பெயின்!' என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டதாக ஒரு கதை வழங்குகிறது. காலம் மெக்பெயின் பக்கம் தீர்ப்பளித்தது. 1936-இல் ஹார்ட்லி என்பவர் அத்திரளின் வடிவத்தைத் தெளிவாக விளக்கினார். வால்கள் யாவும் உள்நோக்கிக் கூடி, தலைகள் யாவும் வெளியே நீரைப் பார்த்து நிற்கும் ஓர் உருண்டை அது. கடப்பம் பூவை நினைத்துக்கொண்டால் ஏறத்தாழப் பொருந்தும். இதற்கு மிசெல் என்று பெயர். சிறு துணுக்கு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது.

மெக்பெயினைப் பற்றி நம் நாட்டு மாணவர் அறிய வேண்டிய மற்றொன்றும் உண்டு. முதுமையில் அவர் இந்தியாவுக்கு வந்தார். 1950 ஜனவரியில் புனே நகரில் திறக்கப்பெற்ற தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் அவரே. மிசெல் என்பது ஏதோ தொலைவில் நடந்த ஆராய்ச்சி என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதைக் கூறினேன்.

மிசெல் எவ்வளவு சிறியது? சாதாரணமாகக் குறுக்களவு 4 அல்லது 5 நானோமீட்டர். தலைமயிர் ஒன்றின் பருமனில் பதினையாயிரத்துக்கு மேற்பட்ட மிசெல்களை வரிசையாக நிறுத்திவிடலாம். ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை ஆதலால், இவ்வளவு சிறிய உருண்டைகள் ஒளியின் வழியை அவ்வளவாகத் தடுப்பதில்லை. குப்பியிலுள்ள நீர் தெளிவாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. பாலிலுள்ள கொழுப்புத் துளிகளோ இதனினும் நூற்றுக்கணக்கான மடங்கு பெரியவை; அவை ஒளியைச் சிதறடிப்பதால் பால் வெண்மையாகிறது.

மிசெலைக் கோலிக்குண்டு போன்ற கெட்டிப்பொருள் என்று கருதலாகாது. ஒவ்வொரு நொடியிலும் எண்ணற்ற மூலக்கூறுகள் அதைவிட்டு வெளியேறுகின்றன. வேறு பல உள்ளே புகுகின்றன. சந்தைக் கூட்டம் கூட்டமாகவே இருக்க, ஆட்கள் மட்டும் மாறிக்கொண்டிருப்பது போன்றது. மேலும் நீரில் சோப்பின் செறிவு ஒரு குறிப்பிட்ட அளவை எட்டிய பின்னரே மிசெல்கள் தோன்றும். அதற்குக் குறைந்தால் கலைந்துபோகும். பல பற்பசைகளிலும் ஷாம்புகளிலும் உள்ள சோடியம் லாரில் சல்பேட் என்னும் பொருளுக்கு இவ்வெல்லை ஒரு லிட்டர் நீருக்கு 2 கிராமுக்குச் சற்று மேல். ஒரு மிசெலில் சுமார் அறுபது மூலக்கூறுகள் கூடுகின்றன. இவ்வெல்லையை நினைவில் வையுங்கள். குப்பி நீர் விலை மிகுதி என்று அதில் தண்ணீர் கலந்து பெருக்குபவர்கள் அறியாத செய்தி இது. அளவு மிஞ்சிக் கலந்தால் மிசெல்கள் அழிந்து வெறும் நீரே எஞ்சும்.

இவ்வுருண்டையின் வயிறு முழுவதும் எண்ணெயோடு இணங்கும் வால்களால் ஆனது. ஆகவே நீரில் கரையாத எண்ணெயும் மெழுகும் அவ்வயிற்றுக்குள் புகுந்து தங்கிவிடுகின்றன. வெளியே தலைகள் நீரை நோக்கி இருப்பதால், எண்ணெயைச் சுமந்த மிசெல் நீரோடு நீராக ஓடிவிடுகிறது. நம் உடலும் இக்கலையை நெடுங்காலமாகச் செய்துவருகிறது. நாம் உண்ணும் நெய்யும் எண்ணெயும் செரிப்பதற்குப் பித்தநீரிலுள்ள உப்புகள் சிறுகுடலில் மிசெல்களை ஆக்குகின்றன. ஏ, டி, ஈ, கே என்னும் வைட்டமின்கள் அவற்றில் ஏறிக்கொண்டே குடற்சுவரை அடைகின்றன. பூந்திக்கொட்டையிலும் சிகைக்காயிலும் உள்ள சப்போனின் என்னும் பொருளும் இவ்வினத்தைச் சேர்ந்தது. அதன் தலை சர்க்கரையால் ஆனது. நம் பாட்டிமார் சிகைக்காய் அரைத்த கரைசலில் மிசெல்கள் இருந்தன, பெயர்தான் இல்லை.

இவ்வளவும் கேட்ட கூர்மையான மாணவன் ஒருவன் உடனே எழுந்து ஒரு கேள்வி கேட்பான். "அப்படியானால் சோப்புக் கரைத்த நீர் யாவும் மிசெல் நீர்தானே? புதிதாக இதில் என்ன இருக்கிறது?" மிகச் சரியான கேள்வி. துணி ஊறவைத்த வாளியிலும் மிசெல்கள் கோடிக்கணக்கில் உண்டு. ஆகவே பெயரில் புதுமை ஒன்றும் இல்லை. எந்தப் பொருளால் மிசெல் ஆக்கப்படுகிறது, எவ்வளவு குறைவாக ஆக்கப்படுகிறது என்பதிலேதான் வேறுபாடு. அதனை உணர நம் தோலைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும்.

தோலின் மேலடுக்கு, உயிர் நீத்த தட்டையான அணுவறைகள் பதினைந்து இருபது வரிசையாக அடுக்கிய ஒரு சுவர். முகத்தில் அதன் கனம் காகிதத் தாளின் கனத்தைவிடக் குறைவு. அணுவறைகள் செங்கற்கள் என்றால், இடையே நிரம்பிய கொழுப்புப் பொருள்கள் சுண்ணச் சாந்து. உடலின் ஈரத்தை வெளியே போகாமல் காப்பதும், கிருமிகளை உள்ளே விடாமல் தடுப்பதும் இச்சுவரே. இதன் மேற்பரப்பு சிறிதளவு அமிலத்தன்மை உடையது, பி.எச். அளவில் 5-ஐ ஒட்டி நிற்கும். சாதாரண சோப்பின் கரைசலோ காரத்தன்மை உடையது. 9 அல்லது 10. மின்னேற்றம் கொண்ட சோப்பு மூலக்கூறுகள் முகத்து எண்ணெயை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை. தோலின் புரதத்தையும் பற்றி உப்பச் செய்கின்றன. சாந்தையும் சிறிது சுரண்டுகின்றன. கழுவிய பின் தோல் இழுத்துக் கட்டினாற்போல் தோன்றுவது இதனால்தான். அந்த இறுக்கத்தையே சுத்தத்தின் அடையாளம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது சுவரின் சாந்து குறைந்ததற்கு அடையாளம். போதாக்குறைக்கு, ஆழ்துளைக் கிணற்று நீர் போன்ற கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு கூடி, கரையாத வெண்படிவத்தை ஆக்கித் தோலின்மேல் விட்டுச்செல்கின்றன.

பள்ளி ஆண்டு விழாக்களில் இதன் விளைவை ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். நாடகம் முடிந்ததும் பிள்ளைகள் குழாயடிக்கு ஓடுவார்கள். கையில் அகப்படுவது சலவை சோப்பாகவே இருக்கும். எண்ணெயில் குழைத்த பூச்சு நீருக்கு அசையாது. ஆகவே மேலும் மேலும் தேய்ப்பார்கள். மறுநாள் காலை இராவணனும் விபீஷணனும் ஒரே நிறத்தில், கன்னம் சிவந்து, கண்ணோரம் எரிந்து வகுப்புக்கு வருவார்கள். எங்களுக்கு ஒப்பனை செய்ய வந்துகொண்டிருந்த முதியவர் ஒருவர், பல கூத்து மேடைகளைக் கண்டவர், பிள்ளைகளை அதட்டி உட்காரவைத்து, ஒவ்வொரு முகத்திலும் தேங்காயெண்ணெயைத் தடவிச் சிறிது நேரம் ஊறவிடுவார். பிறகு பழந்துணியால் மெல்லத் துடைத்து, பயற்றமாவால் கழுவச் சொல்வார். "எண்ணெயாலே ஏறினது எண்ணெயாலேதான் இறங்கும், வாத்தியாரையா" என்பார். இரசாயனப் பாடத்தில் நாங்கள் ஒரு பக்கம் எழுதிப்போடும் விதியை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

மேடைப் பூச்சின் வரலாறும் அவர் சொன்னதற்கே சான்று. ஜெர்மனியில் லுட்விக் லைக்னர் என்னும் இசைநாடகப் பாடகர், கொழுப்பில் நிறப்பொடிகளைக் குழைத்த பூச்சைச் செய்து விற்க 1873-இல் தொழில் தொடங்கினார். வேர்வையில் கரையாமல் நின்றதால் மேடைகளில் அத்தகைய பூச்சு பரவிற்று. வேர்வையில் கரையாதது தண்ணீரிலும் கரையாது. ஆகவே கோல்டு கிரீம் என்னும் எண்ணெய்க் களிம்பால் அதனைத் துடைத்தார்கள். இன்று வீட்டில் பூசும் முகப்பூச்சும் இதே இனத்தைச் சேர்ந்தது. அதில் நிறம் தருபவை இரும்பு ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு போன்ற கனிமப் பொடிகள். இவை நீரிலும் கரையா, எண்ணெயிலும் கரையா. மெழுகும் எண்ணெயுமே இவற்றைத் தோலோடு பிடித்துவைத்திருக்கின்றன. பிடித்திருக்கும் பிசினைத் தளர்த்திவிட்டால் பொடி தானே உதிர்ந்துவிடும். எண்ணெயால் துடைப்பதில் உள்ள தொல்லை ஒன்றே: பூச்சு போனபின் எண்ணெய் எஞ்சிவிடும், அதைப் போக்க மீண்டும் கழுவ வேண்டும். முகப்பரு எளிதில் தோன்றும் இளம்பருவத்தாருக்கு எண்ணெய் தங்குவதும் நல்லதன்று.

இந்த இடத்தில்தான் குப்பி நீர் வருகிறது. 1990-களில் பிரான்ஸ் நாட்டுப் பயோடெர்மா நிறுவனம், எளிதில் சிவக்கும் தோல் உடையவர்களுக்கென்று இத்தகைய நீரை மருந்துக் கடைகளில் விற்கத் தொடங்கிற்று. பாரிஸ் நகரத்துக் குழாய்நீர் சுண்ணாம்புச் சத்து மிகுந்தது என்பதால் அங்கே இந்நீருக்கு வரவேற்பு மிகுந்தது என்று அழகுக்கலை இதழ்கள் எழுதுவது வழக்கம். இன்று பல நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. குப்பியின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். நூற்றுக்குப் பெரும்பங்கு நீர். அடுத்து மிசெல் ஆக்கும் பொருள். சிலவற்றில் பாலாக்சமர், வேறு சிலவற்றில் காப்ரிலிக், காப்ரிக் என்னும் கொழுப்பமிலங்களிலிருந்து செய்த ஒன்று. இவ்விரு அமிலங்களும் தேங்காயெண்ணெயிலும் உள்ளவை என்று அறிந்தால் எங்கள் ஒப்பனைப் பெரியவர் சிரித்திருப்பார். இப்பொருள்களின் தலையில் மின்னேற்றம் இல்லை. ஆகவே இவை தோலின் புரதத்தை அவ்வளவாகப் பற்றுவதில்லை. கால்சியத்தோடு கூடி வெண்படிவம் ஆவதும் இல்லை. சிறிதளவே போட்டாலும் மிசெல் உண்டாகிவிடும். பின்னர் ஈரம் காக்கும் கிளிசரின் போன்றவை. இறுதியில் கிருமி வளராமல் காக்கும் பொருள். சர்க்கரையும் நீரும் உள்ள குப்பி கெட்டுப்போகாதிருக்க அது வேண்டியதே.

விளம்பரங்களில் மிசெல்கள் காந்தம் போல் அழுக்கை இழுப்பதாகப் படம் வரைகிறார்கள். அது கற்பனை. மிசெலுக்கு எட்ட இருந்து இழுக்கும் ஆற்றல் கிடையாது. அது அழுக்கை மோதினால்தான் உண்டு. நிகழ்வது வேறு. பஞ்சிலிருந்து கசியும் நீரில் தனித்த மூலக்கூறுகள் முதலில் மெழுகுக்கும் தோலுக்கும் இடையே ஊர்ந்து, நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, பூச்சை நனைக்கின்றன. பூச்சு தளர்கிறது. எண்ணெயில் ஒரு பகுதி மிசெல்களின் வயிற்றில் அடங்குகிறது. எஞ்சியதைப் பஞ்சின் இழைகள் ஒற்றி எடுக்கின்றன. உண்மையைச் சொன்னால் வேலையில் பாதிக்குமேல் பஞ்சின் வேலை. ஆனால் பஞ்சுக்கு விளம்பரம் செய்பவர் யாரும் இல்லை.

இக்காரணம் தெரிந்துவிட்டால் பயன்படுத்தும் முறையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பஞ்சை நன்றாக நனைத்து, மை இட்ட இமையின்மேல் பத்து நொடிகளாவது வைத்திருக்க வேண்டும். நனைவதற்கு நேரம் வேண்டும் என்று பார்த்தோமல்லவா? பிறகு அழுத்தித் தேய்க்காமல் ஒரே திசையில் மெல்ல இழுக்க வேண்டும். பஞ்சில் நிறம் ஏறாத வரை புதுப்பஞ்சு மாற்றிக்கொள்ள வேண்டும்; அழுக்கேறிய பஞ்சு அழுக்கைத் திரும்பப் பூசும். கண்ணில் ஒட்டுவில்லை அணிந்தவர்கள் முதலில் அதை அகற்றிவிட வேண்டும். ஒவ்வாமைக்கு அஞ்சுபவர்கள் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம். நீர் படாத வகை என்று விற்கும் கண்மையும் சில வெயில்காப்புக் களிம்புகளும் இந்நீருக்கு எளிதில் இசையா. அவற்றில் உள்ள மெழுகும் சிலிக்கோனும் பலமான படலம் ஆகிவிடுகின்றன. அவற்றுக்கு இன்னமும் எண்ணெயே சிறந்த மருந்து. இமையைத் தேய்த்துப் புண்ணாக்குவதில் பயனில்லை.

துடைத்தபின் கழுவ வேண்டுமா என்பது பலரும் கேட்கும் கேள்வி. வேண்டாம் என்று குப்பி சொல்கிறது. ஆயினும் மிசெல் ஆக்கிய பொருளும், அது கரைத்த அழுக்கில் ஒரு பங்கும் முகத்திலேயே காய்ந்து நிற்கின்றன. மென்மையான பொருளாயினும் இரவு முழுவதும் தோலில் கிடந்தால் சிலருக்கு எரிச்சல் தரும். தோல் மருத்துவர் பலர் நல்ல நீரால் ஒரு முறை அலம்பிவிடச் சொல்கிறார்கள். எனக்கும் அதுவே நியாயமாகத் தோன்றுகிறது. நீர் ஊற்றியதும் செறிவு எல்லைக்குக் கீழே இறங்கி மிசெல்கள் கலைந்துவிடுமே, அழுக்கு மீண்டும் முகத்தில் படியாதா என்று யாரேனும் கேட்டால், அவர் பாடத்தைக் கவனித்திருக்கிறார் என்று மகிழ்வேன். ஓடும் நீர் அதற்கு இடம் தருவதில்லை. அழுக்கு படியும் முன்னரே அடித்துச் சென்றுவிடுகிறது.

பூச்சு ஏதும் பூசாத மாணவ மாணவியருக்கு இக்குப்பி அவசியமான பொருள் அன்று. நாள் முழுவதும் வெயிலில் அலைந்து வந்த முகத்துக்கு நல்ல நீரும், தோலை வறட்டாத மென்மையான சோப்பும் போதும். இந்நீர் முகப்பருவைத் தீர்க்கும் மருந்தும் அன்று. தோலின் நிறத்தை மாற்றும் என்று எவரேனும் கூறினால் கடையைவிட்டு இறங்கிவிடுங்கள். தோலின் நிறம் மெலனின் என்னும் பொருளால் அமைவது. அதைச் செய்யும் அணுவறைகள் மேலடுக்குச் சுவருக்கும் கீழே உள்ளன. மேலே துடைக்கும் பஞ்சுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. நடனம், நாடகம் என்று அடிக்கடி முகத்தில் பூச்சேறும் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு குப்பி வாங்கி வைப்பது தக்கது. களைப்பில் பூச்சோடு உறங்கிவிடும் குழந்தைக்கு, குழாயடிக்கு இழுத்துச் சென்று தேய்ப்பதைவிட, படுக்கையிலேயே பஞ்சால் துடைத்துவிடுவது எவ்வளவோ நன்று; அலம்புவதைக் காலையில் முடித்துக்கொள்ளலாம். குப்பியின்மேல் திறந்த டப்பாவின் சிறு படமும் அதனுள் 6 அல்லது 12 என்னும் எண்ணும் இருக்கும். திறந்தபின் அத்தனை மாதங்களுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் பொருள்.

இனி வீட்டில் செய்து பார்க்கத்தக்க ஒரு சிறு சோதனை. மூன்று கண்ணாடிக் குவளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வெறும் நீர். ஒன்றில் சோப்புச் சீவல் கரைத்த கிணற்று நீர். மற்றொன்றில் இந்தக் குப்பி நீர் நான்கு தேக்கரண்டி. இரண்டாவது குவளையில் இப்போதே வெண்திரை மிதக்கிறதா என்று பாருங்கள்; உங்கள் ஊர் நீரின் கடினம் அதில் தெரியும். பிறகு ஈர்க்குச்சியின் நுனியை நல்லெண்ணெயில் தொட்டு, அந்த நுனியளவு எண்ணெயை ஒவ்வொன்றிலும் கலக்குங்கள். முதற் குவளையில் எண்ணெய் கண் கண்ணாக மேலே மிதக்கும். மூன்றாவதில் மிகச் சிறிதளவு எண்ணெய் கண்ணுக்குத் தெரியாமல் அடங்கி நீர் தெளிவாகவே நிற்கலாம். அங்கேயே இன்னும் சில துளிகள் எண்ணெய் விட்டு வேகமாகக் குலுக்கினால் நீர் பால்போல் வெளுக்கும். மிசெல்களின் வயிறு நிறைந்துவிட்டது. எஞ்சிய எண்ணெய் பெரிய துளிகளாக உடைந்து மிதக்கிறது. எத்தனையாவது தொடுகையில் தெளிவு மாறி வெண்மை தோன்றிற்று என்று ஒவ்வொருவரும் குறித்துக்கொண்டு, மறுநாள் வகுப்பில் ஒப்பிட்டுப் பாருங்கள்.